சம்பா நெல்லின் நோய்களும் கரையோரத்துத் தழைகளும்

நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் பாமணியாற்றின் பாசனத்தில், மன்னார்குடியைச் சூழ்ந்த வயல்களில், கார்த்திகை கழிந்து மார்கழி பிறக்கும் தறுவாயில் சம்பாப் பயிர் பொதி கட்டி நிற்கும். சாலை வழியே பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு அப்பொழுது வயல் முழுவதும் ஒரே பசுமையாக, குறையொன்றும் இல்லாததாகத் தோன்றும். ஆனால் வரப்பிலிருந்து இறங்கி, கண்ணாடி இலையின் உறையை விரலால் மெல்லப் பிரித்துப் பார்க்கிற குடியானவருக்கு, அந்த ஆண்டின் விளைவு இன்னதென்று தெரியவருவது அந்த நாள்களில்தான். உறையின்மேல் நடுவில் சாம்பல் நிறமும் விளிம்பில் பழுப்பு நிறமும் கொண்ட ஒழுங்கற்ற புள்ளிகள் முதலில் ஒன்றிரண்டாகத் தோன்றி, பின்பு ஒன்றோடொன்று கலந்து விரியும். உறையின் உட்புறத்தில் வெண்மையான மாவைத் தூவினாற்போலப் பூசணம் படரும். கதிர் பாதி வெளிவந்தும் பாதி உள்ளே சிக்கியும் நிற்கும், அல்லது வெளிவராமலே உள்ளேயே அழுகிவிடும். வெளிவந்த மணிகளிலும் பல பதராகிப் பழுத்த இலையின் நிறமடையும். இலையுறை அழுகல் என்று விவசாய சாஸ்திரத்தில் பெயர் பெற்ற இந்நோயைச் சரோக்லேடியம் ஒரைசே என்னும் பூசணம் உண்டாக்குகிறது. தைவான் தீவில் 1922 ஆம் ஆண்டு முதன்முதலாக விவரித்து எழுதப்பட்ட இது, குட்டை ரக நெற்கள் பரவிய பிறகே நம் நாட்டில் முக்கியமான நோயாக வளர்ந்தது.

இந்நோய்க்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புகள் ரசாயன மருந்துகளோடு சில தாவரப் பொருள்களையும் சிபாரிசு செய்கின்றன. வேப்பங்கொட்டைப் பருப்பின் 5 சதவீதக் கரைசல் அல்லது 3 சதவீத வேப்பெண்ணெய் ஒன்று. மற்ற இரண்டும் எவை என்று அறிந்தால் டெல்டாவில் பிறந்து வளர்ந்த எவரும் சற்றே வியப்படைவார்: நெய்வேலிக் காட்டாமணக்கின் இலைத்தூள் சாறும், சீமைக் கருவேலத்தின் இலைத்தூள் சாறும். ஹெக்டேருக்கு 25 கிலோ இலைத்தூள் என்ற கணக்கில் சாறெடுத்து, பொதிப் பருவத்தில் ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறையும் தெளிக்க வேண்டும் என்பது விதி. தென்னமெரிக்காவிலிருந்து வந்த காட்டாமணக்கோ நம் வாய்க்கால்களையும் வடிகால்களையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஊதாப்பூப் பூத்த அதன் புதர்களை வெட்டி அகற்றுவதற்கு ஆண்டுதோறும் எத்தனையோ ஆட்கள் வேண்டியிருக்கிறது. வெட்டி எறிந்த தண்டு ஈரத்தில் கிடந்தால் அங்கேயே மீண்டும் வேர்விடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலமோ கண்மாய்களையும் தரிசுகளையும் ஆக்கிரமித்து, தன் நிழலில் மற்றொரு விதையை முளைக்கவிடாத குணமுடையது. காட்டாமணக்கின் இலையைத் தின்ற ஆடு நோயுற்று நடை தளர்வதையும், கருவேலத்தினடியில் புல்லும் மண்டாதிருப்பதையும் நம் மக்கள் நெடுங்காலமாகக் கண்டுவருகிறார்கள். ஸ்வைன்சோனைன் முதலான காரப் பொருள்கள் காட்டாமணக்கிலும், ஜூலிஃப்ளோரின் முதலானவை சீமைக் கருவேலத்திலும் இருப்பதை ரசாயன ஆராய்ச்சி பின்னர் கண்டறிந்தது. பிற உயிர்களை அண்டவிடாத இலையிலேயே பூசணத்தையும் அண்டவிடாத சக்தி இருக்கக்கூடும் என்று ஊகித்து, அதைப் பரிசோதித்து, அளவு கண்டு, பருவம் குறித்துக் கொடுத்தது நம் பல்கலைக்கழகத்து நோயியல் அறிஞர்களின் பெரும்பணி என்பதே என் அபிப்பிராயம். இவ்வளவு இருந்தும், வெட்டிய காட்டாமணக்கை வாய்க்கால் கரையில் எரிக்கும் ஊர்களிலேயே, எட்டடி தள்ளியுள்ள வயலுக்குக் கடையிலிருந்து பூசண மருந்து வாங்கப்படுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே நீக்கிவிடுவது நலம். தாவரச் சாறுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘பூச்சிவிரட்டி’ என்னும் ஒரே சொல்லில் அனைத்தையும் அடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கினால் நாற்றம் வீசும் இலை என்று மூன்று அடையாளங்களைச் சொல்லி, ஆடாதோடை, எருக்கு, நொச்சி, வேம்பு, புங்கம் முதலியவற்றை இடித்துக் கோமியத்தில் ஊறவைத்துத் தெளிக்கும் முறையை இயற்கை வேளாண்மை இயக்கத்தினர் கிராமந்தோறும் பரப்பியிருக்கிறார்கள். 1938 ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அவ்வேலையைத் துறந்து வெளிவந்து, 2013 டிசம்பர் 30 ஆம் நாள் பட்டுக்கோட்டைக்கு அருகேயுள்ள அத்திவெட்டியில் காலமாகும்வரை ஓயாமல் ஊர் ஊராக நடந்த நம்மாழ்வாரும், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கட்டிமேட்டிலிருந்து பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமனும் இந்தப் பிரதேசத்துக்குச் செய்த உபகாரத்தை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆயினும் பூச்சி வேறு, நோய் வேறு. பூச்சிக்கு வாயும் மூக்கும் உண்டு. கசப்பாலும் நாற்றத்தாலும் அதனை விரட்டலாம். பூசண வித்துக்கு வாயுமில்லை, மூக்குமில்லை. அது காற்றில் மிதந்து வந்து, இலையின்மேல் நிற்கும் பனித்துளியில் முளைவிட்டு, இழையை உள்ளே செலுத்துகிறது. அதனை விரட்ட முடியாது. முளைக்காமல் தடுக்கலாம், அல்லது உள்ளே நுழையவிடாமல் பயிரை உறுதிப்படுத்தலாம். ஆகையால் பூச்சிக்குப் பலித்த சாறு நோய்க்கும் பலிக்கும் என்று எண்ணுவதும், நோய்க்குப் பலிக்கவில்லை என்று அச்சாற்றையே பயனற்றதென்று தள்ளுவதும் ஒருங்கே பிழையாகும்.

நோய் என்பது தஞ்சை மண்ணுக்குப் புதிய விஷயமன்று. நெல்லின் நோய்களில் மிகக் கொடியதாகிய குலை நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1913 ஆம் ஆண்டு. பெருவாரியாகப் பரவிப் பெருநாசம் விளைத்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது 1919 ஆம் ஆண்டு, இதே தஞ்சை டெல்டாவில். அப்போது சென்னை அரசாங்கத்தின் பூசணவியல் நிபுணராக இருந்த மெக்ரே இந்நோயை ஆராய்ந்து, அதனைத் தடுக்கும் வழிகளைப் பற்றித் துண்டுப் பிரசுரம் எழுதினார். அதே 1919 ஆம் ஆண்டில்தான் செம்புள்ளி நோயும் சென்னை மாகாணத்தில் சுந்தரராமன் என்னும் அறிஞரால் பதிவு செய்யப்பட்டது. செம்புள்ளி நோயைப் பற்றிய செய்தி இன்னும் கனமானது. 1942 ஆம் ஆண்டில் வங்காளத்து நெற்பயிரை அது பெருமளவில் அழித்தது என்பதையும், அடுத்த ஆண்டில் இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட பஞ்சத்துக்கு அதுவே மூலகாரணம் என்பதையும் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த பத்மநாபன் 1973 ஆம் ஆண்டில் எழுதினார். பஞ்சத்துக்குப் பூசணத்தைவிட அரசாங்கத்தின் செய்கைகளே காரணம் என்று வாதிட்டவர்கள் பலர். எனக்கும் அவர்கள் வாதமே வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூசணம் ஒரு நாட்டின் சோற்றுப் பானையை எட்ட முடியும் என்பதில் இரு திறத்தாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ரகம் ரகமாக நெல்லைத் தேர்ந்தெடுத்தும் ஒட்டுச் சேர்த்தும் இந்த நூற்றாண்டுக் காலத்தில் அந்நிலையம் செய்த தொண்டு பெரிது. ஆனால் உண்பவர் விரும்பும் ரகமும் நோயைத் தாங்கும் ரகமும் ஒன்றாக அமைவது அரிது. ‘ஆந்திரா பொன்னி’ என்று நம்மவர் அழைக்கும் பாபட்லா 5204 ரகத்தின் சன்னமான அரிசிக்குச் சந்தையில் உள்ள மதிப்பு யாவரும் அறிந்தது. குலை நோய்க்கும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் அது எளிதில் இரையாகும் என்பதையும் பயிரிடுகிறவர்கள் அறிவார்கள். இதனோடு யூரியாவை அளவுக்கு மீறிப் போட்டால், இலை கருநீலப் பச்சையாகத் தழைத்து, நெருங்கி, காற்றோட்டமின்றி நிற்கும். மார்கழிப் பனியில் அந்த இலையின் ஈரம் வெகுநேரம் உலராது. இரவு வெப்பம் தணிந்து, வானம் மூடாக்காக இருந்து, தூறலும் விட்டு விட்டு விழுந்தால் குலை நோய்க்கு அதைவிட வாய்ப்பான சூழ்நிலை வேறில்லை. இத்தனை காரணங்கள் கூடி வருவிக்கும் நோயை ஒரு புட்டி மருந்தால், அது ரசாயனமாயினும் தாவரச் சாறாயினும், தீர்த்துவிடலாம் என்று நம்புவது பொருந்தாது. யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்னும் விகிதத்தில் கலந்து ஓரிரவு வைத்திருந்து இடும் பழக்கம் டெல்டாவில் பலருக்குத் தெரியும். வேம்பின் சத்து யூரியாவிலுள்ள தழைச்சத்து விரைவில் உருமாறி வீணாவதைத் தாமதப்படுத்துகிறது. பயிருக்கு உரம் சிறிது சிறிதாகக் கிடைக்கிறது. அதனால் திடீர்த் தழைப்பு குறைகிறது. நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதிலும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று மத்திய அரசு 2015 ஆம் ஆண்டில் விதித்ததும் இந்தக் குணத்தை முன்னிட்டே.

இனி, தாவரச் சாறு நோயை எவ்வாறு தடுக்கிறது என்பதைச் சிறிது விரிவாகக் காண்போம். மூன்று வழிகளை ஆராய்ச்சியாளர்கள் வேறுபடுத்திக் காட்டியிருக்கிறார்கள். முதலாவது, சாற்றிலுள்ள பொருள் பூசண வித்து முளைப்பதையோ, முளைத்த இழை நீள்வதையோ நேரே தடுப்பது. வேப்பெண்ணெய் இலையின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து இந்தக் காரியத்தைச் செய்கிறது. இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. சில சாறுகள் பூசணத்தைத் தொடுவதே இல்லை, பயிரைத் தொடுகின்றன. அவை பட்டவுடன் பயிர் தன்னை எதிரி தாக்கிவிட்டதாக உணர்ந்து, பெராக்ஸிடேஸ் முதலிய நொதிகளையும் பீனால் வகைப் பொருள்களையும் மிகுதியாகச் சுரந்து, செல் சுவர்களைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. பின்னர் உண்மையான எதிரி வரும்போது கதவு ஏற்கனவே தாழிடப்பட்டிருக்கிறது. வெங்காயத்தையும் பூண்டையும் ஒட்டுச் சேர்த்துப் பெற்ற ‘ஜிம்மு’ என்னும் செடியின் இலைச்சாற்றைக் கோயம்புத்தூரில் ஆராய்ந்தவர்கள், தக்காளியின் இலைக்கருகலைப் பொறுத்தவரை அச்சாறு பூசணத்தை நேரே தடுப்பதோடு பயிரின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டுவதைக் கண்டார்கள். நிலக்கடலையின் மொட்டுக் கருகல் நோய்க்குத் தென்னை இலை அல்லது சோள இலையிலிருந்து எடுத்த சாற்றை விதைத்த பத்தாம் நாளும் இருபதாம் நாளும் தெளிக்கச் சொல்வதும் இந்த வகையைச் சேர்ந்ததே. அந்நோய் வைரஸால் வருவது. வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது என்பதை நினைவிற்கொண்டால், தென்னை மட்டையிலிருந்து பெறும் அந்தச் சாற்றின் மதிப்பு விளங்கும்.

மூன்றாவது வழி நோயைச் சுமந்து வரும் பூச்சியைத் தடுப்பது. நெல்லுக்கு வரும் துங்ரோ நோயின் வரலாற்றில் இவ்வழி மிக அழகாக விளங்குகிறது. துங்ரோவை உண்டாக்குபவை இரண்டு வைரஸ்கள். ஒன்று உருண்டை வடிவமானது, மற்றொன்று கோல் வடிவமானது. பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்குவதில் பெரும்பங்கு கோல் வடிவத்துக்கே உரியது. ஆனால் உருண்டை வடிவத்தின் துணையின்றிப் பச்சைத் தத்துப்பூச்சி அதனைச் சுமந்து செல்ல இயலாது. அப்பூச்சி இலையின் சல்லடைக் குழாயில் ஊசியைச் செலுத்தி, உணவுச் சாற்றை உறிஞ்சும்போதுதான் வைரஸ் கைமாறுகிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த நோயியல் அறிஞர் மாரியப்பனும் சக்சேனாவும் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேப்பெண்ணெயையும் சீத்தாப்பழ விதை எண்ணெயையும் கொண்டு சோதனை நடத்தி, பூச்சிகள் மடிவதையும் துங்ரோ பரவுவது குறைவதையும் கண்டு 1983 ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அதற்குப் பின் நடந்த சோதனைகளில், பூச்சியின் முதுகில் மெல்லிய கம்பியை ஒட்டி, அது உறிஞ்சும் விதத்தை மின்கருவியால் பதிவு செய்து பார்த்தபோது ஓர் அரிய உண்மை புலப்பட்டது: வேம்பு பட்ட இலையில் பூச்சி சல்லடைக் குழாயை விட்டு விலகி, வெறும் நீர் ஓடும் மரக்குழாயிலேயே பெரும்பாலும் உறிஞ்சுகிறது. பூச்சி சாகாவிட்டாலும் நோயைக் கொடுக்கும் செயலை மட்டும் செய்யாமல் போகிறது. இருபது சென்ட் நாற்றங்காலுக்கு 12.5 கிலோ வேப்பம்புண்ணாக்கு அடியுரமாக இட வேண்டும் என்று நம் பல்கலைக்கழகம் கூறும் யோசனையின் பின்னால் இத்தகைய அறிவு நிற்கிறது. நாற்று பறிக்கும்போதே நோய் வயலுக்குள் வந்துவிடுவதால், நாற்றங்காலில் செய்யும் இந்தச் சிறு செலவு, நடவுக்குப் பின் செய்யும் பெருஞ்செலவை விடப் பயனுள்ளது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வேம்பைப் பற்றிய விஞ்ஞான வரலாறு முழுவதும் ஒரு தனி நூலுக்குரிய விஷயம். 1942 ஆம் ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து கசப்புப் பொருள்கள் மூன்றைப் பிரித்தெடுத்தார். 1962 ஆம் ஆண்டில் வெட்டுக்கிளிப் படை டில்லியை வந்தடைந்தபோது, பிரதான் என்னும் பூச்சியியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை அவை தீண்டாமல் போனதைக் காட்டினார்கள். 1968 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் அஸாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அதன் அமைப்பு அவ்வளவு சிக்கலானது ஆகையால், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டீவன் லே குழுவினர் அதனைச் சோதனைச்சாலையில் முழுமையாகச் செயற்கை முறையில் அமைத்து முடிக்க 22 ஆண்டுகள் உழைத்து, 2007 ஆம் ஆண்டில்தான் வெற்றி கண்டார்கள். நம் தெருவோரத்து மரம் ஒவ்வோர் ஆண்டும் ஆனி, ஆடி மாதங்களில் அதனைத் தன் விதைக்குள் தானே செய்துவைக்கிறது.

இந்த இடத்தில், பயிர் நோயோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு வழக்கைக் கூறாமல் மேலே செல்ல இயலாது. வேப்பெண்ணெயைப் பிரித்தெடுத்துப் பயிரின் பூசண நோய்களைத் தடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரி அமெரிக்க விவசாய இலாகாவும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் விண்ணப்பிக்க, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994 ஆம் ஆண்டில் அதனை வழங்கிவிட்டது. பூச்சிக்கு அன்று, பூசணத்துக்கே அந்த உரிமை வழங்கப்பட்டது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்துப் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மக்தா ஆல்வோட், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஆகிய மூன்று தரப்பினரும் 1995 ஆம் ஆண்டில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மஹாராஷ்டிரத்தைச் சேர்ந்த அபய் பட்கே என்னும் தொழிலதிபர், தாம் 1985 ஆம் ஆண்டிலேயே புனே, சாங்லி மாவட்டங்களில் இத்தகைய சாற்றை வயலில் பரிசோதித்ததைச் சான்றாகக் கூறினார். காசி ஹிந்து சர்வகலாசாலையின் பயிர் நோயியல் பேராசிரியர் யு. பி. சிங்கும் சாட்சியாகச் சென்றார். 2000 மே 10 ஆம் நாள் மியூனிக் நகரில் அந்தக் காப்புரிமை ரத்து செய்யப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 ஆம் நாள் தள்ளுபடியாயிற்று. இந்த வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் அதன் உட்பொருளையும் சிந்திக்க வேண்டும். நம் பாட்டிமார் வேம்பை அறிந்திருந்தார்கள் என்ற பொதுவான பெருமையைவிட, இன்ன ஆண்டில், இன்ன வயலில், இன்ன அளவில் செய்து பார்த்தேன் என்று கூறத்தக்க ஒருவரின் சான்று விசாரணையில் கனமாக நின்றது. அறிந்திருப்பது ஒன்று, தேதியிட்டு எழுதிவைத்திருப்பது மற்றொன்று.

பழம்பெருமை பேசுவோர் இத்துறையில் சுரபாலரின் விருக்ஷாயுர்வேதத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் அந்த வடமொழி நூலில் வாய்விளங்கம், கடுகு முதலியவற்றைக் கொண்டு மரங்களின் பிணியை நீக்கும் பிரயோகங்கள் உண்டு என்பது மெய்யே. ஆனால் அது பெயருக்கேற்ப விருக்ஷங்களை, அதாவது தோப்பையும் தோட்டத்தையும் பற்றிய நூல். அதைக் கொண்டு சேற்றில் நிற்கும் நெல்லின் இலையுறை அழுகலுக்குப் பிரமாணம் காட்ட முற்படுவது அந்நூலுக்கும் நியாயமன்று, நெல்லுக்கும் நியாயமன்று. டெல்டாவின் சொந்த மரபைத் தேட வேண்டுமானால் பத்தாயத்தில் நெல்லோடு நொச்சித்தழையையும் வேப்பிலையையும் இட்டு வைத்த வழக்கத்திலும், வயலில் கொழிஞ்சியையும் புங்கந்தழையையும் மிதித்த வழக்கத்திலும் தேடலாம்; அவை எளியவை, ஆனால் நம்முடையவை.

இத்தனை நன்மைகளையும் கூறிய பின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் மிகப் பல, கண்ணாடித் தட்டில் வளர்த்த பூசணத்தின்மேல் சாற்றை விட்டுப் பார்த்ததோடு நின்றுவிடுகின்றன. தட்டில் பூசணம் வளரவில்லை என்பதனால் வயலில் நோய் வராது என்று ஆகிவிடாது. தட்டில் வெயிலும் மழையும் இல்லை. அஸாடிராக்டின் சூரிய ஒளியில் சில நாள்களுக்குள் சிதைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலைமேல் தெளித்தது கழுவிக்கொண்டு போகும். ஒரு மரத்து விதையிலுள்ள சத்து மற்றொரு மரத்து விதையில் அதே அளவு இருப்பதில்லை; ஈரத்தோடு மூட்டை கட்டிய விதையில் பூசணம் பிடித்து, மருந்தே நோயாளியாகிவிடும். கடையில் விற்கும் வேம்பு மருந்துகளில் அஸாடிராக்டின் 300, 1500, 10,000 பி.பி.எம். என்று அளவு குறிக்கப்படுகிறது. வீட்டில் தயாரிக்கும் கரைசலுக்கு அந்த நிச்சயம் கிடையாது. வேப்பெண்ணெயை அளவு கூட்டித் தெளித்தாலோ, சோப்புக் கரைசல் சேர்க்காமல் திட்டுத் திட்டாகத் தெளித்தாலோ, நண்பகல் வெயிலில் தெளித்தாலோ இலை கருகும்.

இயற்கையில் கிடைத்தது என்பதனால் ஒரு பொருள் தீங்கற்றது என்று கொள்வதும் பெரும் தவறு. புகையிலைக் கஷாயத்திலுள்ள நிக்கோட்டின் மனிதருக்குக் கொடிய நஞ்சு. வேப்பெண்ணெயை உட்கொள்ளக் கொடுத்த சிசுக்கள் வலிப்புக் கண்டு இறந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. சாறு தெளிக்கிறவரும் முகத்தையும் கையையும் மறைத்துக்கொண்டுதான் தெளிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமான குறை, அல்லது குணம், ஒன்றுண்டு. தாவரச் சாறு வருமுன் காப்பது; வந்தபின் தீர்ப்பது அன்று. கழுத்துக் குலை நோய் கண்டு கதிர் ஒடிந்து தொங்கிய பின் வேப்பங்கரைசலைத் தேடி ஓடுவது, கரை உடைந்தபின் மண்வெட்டி தேடுவதை ஒக்கும். அந்த நிலையில், பல்கலைக்கழகம் கூறும் ரசாயன மருந்தை, கூறிய அளவில், கூறிய நாளில் தெளிக்கிற விவசாயியை யாரும் இகழலாகாது. கடன் வாங்கிப் பயிரிட்டவர் கண்ணெதிரே கதிர் சாகவிட வேண்டும் என்று உபதேசிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. அதே சமயம், அளவின்றித் தெளிப்பதன் விளைவும் நம்மைத் தேடி வரும். குலை நோய்க்குத் தெளிக்கும் டிரைசைக்ளசோல் என்னும் மருந்தின் எச்சம் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய நாடுகள் 2018 ஆம் ஆண்டு முதல் விதித்தபோது, வடநாட்டுப் பாசுமதி விவசாயிகள் பெரிதும் தடுமாறினார்கள். நம் அரிசியை நாமே உண்கிறோம் என்பதனால் நமக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று எண்ணலாமா?

ஆகவே, சாற்றின் வெற்றி அதன் வீரியத்தைவிட அதைப் பயன்படுத்துகிறவரின் காலக்கிரமத்தைப் பொறுத்தது. இவ்விஷயத்தில் இயற்கை நமக்கு ஒரு வசதியைச் செய்து வைத்திருக்கிறது. வேப்பம்பழம் உதிர்வது ஆனியிலும் ஆடியிலும். விதை மூன்று மாதம் பழகிய பிறகே அதன் சத்து நிறைகிறது; எட்டுப் பத்து மாதங்களுக்குமேல் வைத்திருந்தால் குறைந்துவிடுகிறது. மேட்டூர் நீர் வந்து, சம்பா விதைத்து, பயிர் பொதி கட்டும் கார்த்திகை, மார்கழியில் அந்த விதை தன் முழுச் சத்தோடு தயாராக இருக்கும். ஆனால் ஆடியில் அதைப் பொறுக்கி வைக்காதவருக்கு மார்கழியில் அது கிடைக்காது. தேரோடும் வீதிகளிலும், பள்ளிக்கூடத்து மைதானங்களிலும், ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலும் உதிர்ந்து, மிதிபட்டு, குப்பையோடு வாரப்படும் வேப்பம்பழத்தைச் சேர்த்து, சதை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள சாக்கில் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நியாயமான கூலி வேண்டும். ஊராட்சிகளும் விவசாயிகள் சங்கங்களும் இதனை மேற்கொள்ளலாம். வாய்க்கால் தூர் வாரும்போது வெட்டும் காட்டாமணக்கின் இலையை உலர்த்தித் தூளாக்கி வைக்கும் வேலையையும் அதே கையோடு செய்துவிடலாம். தண்டுகளை மட்டும் ஈரத்தில் விடாமல் அழித்துவிட வேண்டும்.

இன்னும் ஒரு வேண்டுகோள். மன்னார்குடித் தாலுகாவில் சாறு தெளிக்கிற ஒவ்வொருவரும் ஒரு மா நிலத்தில் ஐந்து குழியை மட்டும் தெளிக்காமல் விட்டு, அறுவடையில் இரண்டையும் தனித்தனியே தூற்றி அளந்து, தேதியும் ரகமும் மழையும் குறித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார்களானால், அந்தக் குறிப்புகளை நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தாரும் கல்லூரி மாணவர்களும் சேர்த்துப் பார்ப்பார்களானால், ஐந்தாறு ஆண்டுகளில் இந்த மண்ணில் எந்தச் சாறு எந்த நோய்க்கு எவ்வளவு பலிக்கிறது என்பதை ஊகத்தாலன்றி அளவாலேயே நாம் கூறலாம். ஆடுதுறையில் ஒரு வயலில் கண்டது கோட்டூர்க் களிமண்ணுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை.

செய்முறை சிக்கலானதன்று. ஓர் ஏக்கருக்கு, அதாவது ஏறக்குறைய மூன்று மாவுக்கு, 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் தூளாக்கி, 20 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பால்போல வெளுக்கும் வரை மரக்கட்டையால் கலக்கி, இரட்டையாக மடித்த மெல்லிய துணியில் வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து, 200 லிட்டராக்கிக்கொண்டு, வெயில் தாழ்ந்த பின் தெளிக்க வேண்டும். பொதி கட்டும்போது ஒரு முறை. பதினைந்து நாள் சென்றபின் ஒரு முறை. இரண்டு தெளிப்புக்கும் சேர்த்து 20 கிலோ பருப்பு வேண்டும். அதை ஆடியிலேயே எடுத்து வையுங்கள்.